ஐப்பசி மழைக்கு முன் வீட்டுத் தோட்டம்: சேலத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இலையுதிர்காலம் என்று ஒரு படம் இருக்கும். மஞ்சளும் சிவப்புமாக இலை கொட்டிக் கிடக்க, ஒருவர் அதைக் கூட்டிக்கொண்டிருப்பார். சேலத்தில் அந்தக் காட்சியைப் பார்க்க மாசி வரை காத்திருக்க வேண்டும். வேம்பும் அரசும் இங்கே இலை உதிர்ப்பது அப்போதுதான். அக்டோபர், நவம்பரில் நமக்கு வருவது கூதிர். ஐப்பசியையும் கார்த்திகையையும் பழைய கணக்கில் கூதிர் காலம் என்பார்கள். வாடைக்காற்றும் அடைமழையும் சேர்ந்து வரும் பருவம். ஆகவே இந்த ஊரில் தோட்டத்தைத் தயார் செய்வது என்றால், சீமாறை எடுப்பதற்கு முன்னால் தண்ணீர் போக வழி பார்ப்பது.

வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். புரட்டாசி பிறப்பது செப்டம்பர் 17 வாக்கில். இடையில் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் கிடைக்கும். புரட்டாசியில் கறிக்கடைக்குப் போகாத வீடாக இருந்தால் காலை நேரம் முழுக்கக் கையில் இருக்கும், அதைத் தோட்டத்துக்குக் கொடுங்கள். மழை ஐப்பசியில்தானே என்று சும்மா இருக்கவும் முடியாது. "புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்" என்பது சேலத்துக்கு அப்படியே பொருந்தும். பகலெல்லாம் காய்ந்துவிட்டு, சாயங்காலம் சேர்வராயன் மலைப் பக்கம் கறுத்தால் ஒரு மணி நேரத்தில் தெரு ஓடையாகிவிடும்.

முதல் ஞாயிறு: வாட்டம் பாருங்கள்

கொத்தனார்கள் சரிவை 'வாட்டம்' என்பார்கள். தோட்டத்தின் வாட்டம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒரு செடிகூட நடாதீர்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கண் ஏமாற்றும். நாலு குடம் தண்ணீரை வீட்டுச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி ஒரே இடத்தில் ஊற்றிவிட்டு நில்லுங்கள். அது சுவரை விட்டு விலகி ஓடினால் நல்லது. சுவர்ப் பக்கமே திரும்பி வந்தால் அங்கே மண்ணைக் கூட்டி, சுவரோரம் உயரமாகவும் வெளிப்பக்கம் தாழ்வாகவும் இருக்கும்படி இழுத்து விடுங்கள். ஈரம் தங்கும் சுவருக்குக் கறையான் தேடிவரும்.

எனக்கு இது தெரியாமல் போனதற்கு விலை ஒரு பப்பாளி மரம். வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் போகிற போக்கில் மண்ணை நிரவியபோது வாட்டத்தைக் கொல்லைப்புற மூலைக்கு வைத்துவிட்டார். அந்த மூலையில்தான் நான் பப்பாளி வைத்தேன். கோடையில் தண்ணீர் நிற்கட்டும் என்று சுற்றி ஒரு முழ உயரத்துக்கு வரப்புக் கட்டி, பெரிய வட்டப்பாத்தி போட்டு, அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன். எதிர்வீட்டு ஆயா ஒருநாள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, பப்பாளிக்கு எதுக்குத் தொட்டி கட்டி வச்சிருக்கே? கால்ல ரெண்டு நாள் தண்ணி நின்னா அது முடிஞ்சுது" என்றார். சிரித்துவைத்தேன். ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் இலைகள் குடை மடக்கியது மாதிரி தொங்கின. அடித்தண்டை விரலால் அழுத்தினால் வெந்த பூசணி மாதிரி உள்ளே போனது, புளித்த வாடை வேறு. மரத்தில் காயும் பிஞ்சுமாக இருபதுக்கு மேல் இருந்தன.

அதனால் கோடைக்குக் கட்டிய வரப்புகளை எல்லாம் இப்போது உடைத்துவிடுங்கள். குழிவாக இருந்த அடிப்பகுதியை ஆமை முதுகு மாதிரி மேடாக்குங்கள். பப்பாளி, முருங்கை, கறிவேப்பிலை, மிளகாய், கத்திரி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வாழை மட்டும் கொஞ்சம் தாங்கும், அதற்கும் தேங்கி நிற்கக் கூடாது. தாழ்வான மூலையிலிருந்து வெளியே ஒரு சாண் அகலத்தில் வாய்க்கால் வெட்டி உறிஞ்சுகுழிக்கோ தெருக் கால்வாய்க்கோ இணைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பக்கத்து வீட்டுக்குள் திருப்பிவிடாதீர்கள், அப்புறம் மழையைவிட அந்தச் சண்டை நீளும்.

கன்னங்குறிச்சிப் பக்கம், ஜருகுமலை அடிவாரம் என்று மலையை ஒட்டி மனை வாங்கியவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் பெய்யும் மழை மட்டும் உங்கள் கணக்கில் வராது, மேலே பெய்ததும் இறங்கி வரும். மலைப் பக்கச் சுற்றுச்சுவரில் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகள் மண் அடைத்துக் கிடந்தால் கம்பி விட்டுக் குத்தித் திறந்துவையுங்கள். சுவர் சாய்வது பெரும்பாலும் பின்னால் தேங்கும் தண்ணீரின் பாரத்தால்தான்.

மொட்டை மாடியும் உறிஞ்சுகுழியும்

ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர். நல்ல மழையில் ஐந்தாறு சென்டிமீட்டர் சாதாரணம். அவ்வளவும் மூலையில் இருக்கும் இரண்டு குழாய் வழியாகத்தான் இறங்க வேண்டும். ஒரு மாங்கொத்து இலையும் ஒரு பிளாஸ்டிக் பையும் போதும், மாடி குளமாகிவிடும். குழாய் வாயில் கம்பி வலைக் கூடை ஒன்று கவிழ்த்து வையுங்கள். விலை சொற்பம்.

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். அதனால் நீங்கள் வாங்கிய வீட்டிலும் உறிஞ்சுகுழி எங்காவது இருக்கும். அதன் மேல் பைக் நிற்கிறதா, பூந்தொட்டி அடுக்கியிருக்கிறதா என்று தேடிக் கண்டுபிடியுங்கள். மூடியைத் திறந்தால் மேலே மணல், அடுத்து ஜல்லி, அடியில் பெரிய கல் அல்லது உடைந்த செங்கல் இருக்கும். மேல் மணலில் வண்டல் படிந்து களிம்பாகியிருக்கும். அந்த மணலை அள்ளி அலசிக் காயவைத்துத் திரும்பக் கொட்டினால் போதும். முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிடுங்கள். மாடி அழுக்கும் புறா எச்சமும் அதில் போய்விடும். அதற்குப் பிறகு குழிக்குத் திருப்புங்கள்.

எந்த மரத்தில் கத்தி வைக்கலாம், எதில் கூடாது

புதிதாகத் தோட்டம் வைத்தவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் மொட்டை அடிப்பார்கள். மரத்துக்கு மரம் கணக்கு வேறு.

முருங்கையில் தயங்க வேண்டாம். முருங்கை பருத்தால் தூணாகுமா என்று கேட்டவர்கள் காரணத்தோடுதான் கேட்டார்கள். தண்ணீரைக் குடித்துக் கனத்த கிளை சாதாரணக் காற்றுக்கே படாரென்று முறியும், முறியும்போது பட்டையையும் தண்டின் பாதிவரை உரித்துக்கொண்டு போகும். ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட கிளைகளை வெட்டுங்கள். வெட்டு சாய்வாக இருக்கட்டும், மேலே தண்ணீர் நிற்கக் கூடாது. தண்டில் கூட்டமாக அப்பிக்கொண்டிருக்கும் கம்பளிப்பூச்சிகளைப் பார்க்கும் பருவமும் இதுதான். கையால் தொடாதீர்கள். நீண்ட குச்சி நுனியில் துணி சுற்றி, சோப்புக் கரைசலில் முக்கித் துடைத்துத் தள்ளுங்கள்.

மாமரம் இருந்தால், அதுவும் சேலத்து மண்ணில் இல்லாமல் இருக்காது, உள்ளுக்குள் பின்னிக் கிடக்கும் கிளை, காய்ந்த குச்சி, நோய் பிடித்த கிளைகளை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே எடுத்துவிட வேண்டும். அக்டோபர் பாதிக்கு மேல் கத்தி வைத்தால் மார்கழி, தையில் பூக்க வேண்டிய கிளையையே வெட்டியவர் ஆவீர்கள். கார்த்திகைக்குப் பிறகு மழை விட்டாலும் மாமரத்துக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொஞ்சம் வாடினால்தான் பூக்கும்.

கொய்யாவுக்கு இதுவே சரியான நேரம். போன பருவத்தில் வளர்ந்த கிளை நுனிகளை 10 முதல் 15 சென்டிமீட்டர் நறுக்கினால் புதுத் தளிரோடு பூவும் வரும். குண்டுமல்லியை இப்போது தொடவே வேண்டாம். அதற்கு நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டுக் கவாத்து.

தென்னைக்கு மரம் ஏறுபவரைச் சொல்லிவைத்து, காய்ந்த மட்டை, பாளை, முற்றிய காய்களை இறக்கிவிடுங்கள். பச்சை மட்டையை வெட்டச் சொல்லாதீர்கள். 'சுத்தமா இருக்கும்' என்று அவரே வெட்ட வந்தாலும் நிறுத்துங்கள், அது மரத்தின் சாப்பாடு. ஏறியவர் இறங்குவதற்குள் இன்னொரு வேலையும் வாங்கிக்கொள்ளலாம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டைகளின் இடுக்கில் போடச் சொல்லுங்கள். காண்டாமிருக வண்டு அண்டாது.

மின்கம்பியைத் தொடும் கிளையை நீங்களும் வெட்டக் கூடாது, மரம் ஏறுபவரும் வெட்டக் கூடாது. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

மண்ணும் களையும்

புது வீட்டு மண்ணில் சிமென்ட்டும் சுண்ணாம்பும் உடைந்த டைலும் கலந்திருக்கும். சேலத்தில் பல இடங்களில் செம்மண்ணுக்கு ஒன்றரை அடி கீழே வெள்ளையாகச் சுக்கான் கல்லும் வரும். இரண்டும் சேர்ந்தால் செடியின் புதுத்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உரம் போதவில்லை என்று நினைத்து யூரியாவை அள்ளிப் போடுவார்கள். அது இரும்புச்சத்துக் குறை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்) கரைத்து இலையில் தெளித்தால் சில நாளில் பச்சை திரும்பும். யூரியா எப்படியும் இப்போது வேண்டாம், அடுத்த மழையில் கரைந்து தெருவுக்குப் போய்விடும். மக்கிய தொழுவுரமும் ஒரு கை வேப்பம்புண்ணாக்கும் போதும்.

காய்கறிக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள். அகலம் மூன்றடி, உயரம் ஒரு சாணுக்குக் குறையாமல். இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் படக் கூடாது. ஈர மண்ணை மிதித்தால் காய்ந்த பிறகு அது செங்கல்தான்.

பார்த்தீனியம் பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்குங்கள், கையுறை போட்டுக்கொண்டு. சிலருக்கு அதன் பூந்தூள் பட்டாலே தோலில் தடிப்பும் தும்மலும் வரும். பூத்த செடியைக் குப்பைக் குழியில் போடாதீர்கள்.

சருகு மூடாக்கைக் கோடையில் கனமாகப் போட்டிருப்பீர்கள். மழைக்கு முன் அதை ஒரு விரற்கடை அளவுக்குக் குறைத்து, தண்டைச் சுற்றி ஒரு சாண் இடத்தை வெறுமையாக விடுங்கள். ஈரச் சருகு தண்டோடு ஒட்டிக் கிடந்தால் அழுகலும் நத்தையும் சேர்ந்து வரும். மிச்சச் சருகை எரிக்காமல் ஒரு மூலையில் குவித்து, மேலே பழைய ஃபிளெக்ஸ் ஒன்றைப் போட்டு மூடுங்கள். ஆயுத பூஜை முடிந்து வாசலில் கட்டிய வாழைக்கன்றுகள் தெருவெல்லாம் கிடக்கும் அல்லவா? நாலைந்தை எடுத்துவந்து துண்டு போட்டு அந்தக் குவியலில் சேர்த்துவிடுவேன். மண்வெட்டி, கடப்பாரை, அரிவாளுக்கும் அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் வருஷத்து ஒரே குளியல். பொட்டு வைப்பதற்கு முன் துருவைத் தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் பூசிவிடுங்கள்.

மாடித் தோட்டப் பைகளுக்கு ஒரு வார்த்தை. அடியில் ஓட்டை அடைத்திருக்கிறதா பார்த்து, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் ஊற்றிய பைகளில் மண் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். அவற்றை மழைக்கு ஒளிக்காமல் முதல் இரண்டு நல்ல மழையில் நனையவிடுங்கள். உப்பு அடியோடு கழுவிப் போகும்.

விதைப்பு

ஆடியில் போட்ட பந்தல் அவரை இப்போது இலையாகவே படர்ந்து, ஒரு பூகூட இல்லாமல் நிற்கும். பிடுங்கிவிடாதீர்கள். பகல் குறுகக் குறுகத்தான் அது பூக்கும், ஐப்பசி கடைசியில் பாருங்கள். பந்தல் கால்களை மட்டும் இப்போதே ஆட்டிப் பார்த்து இறுக்குங்கள். நனைந்த கொடியின் பாரம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

தக்காளி, கத்திரி நாற்றுகளைப் புரட்டாசி நடுவில் விடலாம். மழைக்கால நாற்றுக்கு எமன் நாற்றழுகல். காலையில் நின்ற நாற்று சாயங்காலம் கழுத்தில் இற்று விழுந்து கிடக்கும். விதையை டிரைக்கோடெர்மா விரிடி என்ற, நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சைத் தூளில் புரட்டி எடுத்துப் போடுங்கள். கிலோவுக்கு 4 கிராம் என்பது கணக்கு. நம் வீட்டு விதைக்கு ஒரு சிட்டிகையே தாராளம். நாற்றுத் தட்டுகளை மழை நேரடியாக அடிக்காத இடத்தில் வையுங்கள். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே நிழல்வலையோ வைக்கோலோ பரப்பாவிட்டால் ஒரே மழையில் எல்லா விதையும் ஒரு மூலையில் போய் முளைக்கும். முள்ளங்கியும் கொத்தமல்லியும் அடைமழை ஓய்ந்து கார்த்திகையில் போட்டுக்கொள்ளலாம், அவசரமில்லை. விதையோ சந்தேகமோ எதுவானாலும் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

மயில்துத்தம் கலக்கும் விதம்

போர்டோ கலவையை ஒருமுறை சொந்தமாகச் செய்து பார்த்துவிட்டால் பூஞ்சைக்கு வேறு மருந்து தேட மாட்டீர்கள். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) துணியில் முடிந்து ஐந்து லிட்டர் தண்ணீரில் இரவு தொங்கவிடுங்கள். இன்னொரு வாளியில் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை நீர் விட்டுத் தாளித்து, ஐந்து லிட்டராக்கி வடிகட்டுங்கள். இரண்டும் பிளாஸ்டிக் வாளியாக இருக்கட்டும், இரும்பு கூடவே கூடாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெல்ல ஊற்றிக்கொண்டே குச்சியால் கலக்குங்கள். வானம் வெளுத்த நீலம் வரும். துருவில்லாத கத்தியை ஒரு நிமிடம் அதில் முக்கி எடுங்கள். கத்தி மேல் செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும். கத்தி பளிச்சென்று இருந்தால் சரி. அன்றைக்கே தெளித்துவிடுங்கள், மறுநாளுக்கு ஆகாது. வெட்டிய கிளைகளின் வாயில் பூச, இதே இரண்டையும் நூறு நூறு கிராம் எடுத்து, தண்ணீர் மொத்தம் ஒரு லிட்டரோடு நிறுத்திப் பசையாக்குங்கள். பறித்துச் சாப்பிடப்போகும் கீரை மேல் மட்டும் படவேண்டாம்.

கொசு, நத்தை, பாம்பு

டெங்கு கொசுவுக்கு ஒரு கொட்டாங்குச்சித் தண்ணீர் போதும். தொட்டித் தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்தால் மட்டும் பத்தாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த தண்ணீரில் பொரிக்கும். நத்தைக்கு ராத்திரி ஒன்பது மணி. டார்ச், கையுறை, உப்புத் தண்ணீர் வாளி. வாடிய முட்டைக்கோஸ் இலையை ஈரச் சாக்கின் அடியில் வைத்தால் தேடாமலே ஓரிடத்தில் கூடும். விறகு, செங்கல், ஓட்டுக் குவியலைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், மழையில் பொந்து நிரம்பிய பாம்புக்கு அதுதான் சத்திரம். கடித்துவிட்டால் கட்டும் போடாமல், கீறவும் செய்யாமல் நேராக 108.

மேலே ஏற்காட்டில்

மலையில் வீடு எடுத்தவர்கள் மேலே சொன்னதில் ஒன்றைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். சரிவில் களையைப் பிடுங்காதீர்கள், அரிவாளால் மேலாக அறுத்து அங்கேயே போடுங்கள். வேர்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காப்பித் தோட்டங்களில் சரிவுக்குக் குறுக்கே சிறு சிறு குழிகள் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓடிவரும் தண்ணீர் அதில் நின்று, மண்ணை விட்டுவிட்டுப் போகும். வீட்டுத் தோட்டத்திலும் அதையே செய்து, கீழ் விளிம்பில் வெட்டிவேரை நெருக்கமாக நட்டுவிடுங்கள். சவுக்கு மாதிரி உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக்கின் காய்ந்த கிளைகள், கூரைக்கு மேல் இருந்தால், முதலில் இறங்க வேண்டும். மிளகுக் கொடிக்குப் போர்டோ தெளிக்காமல் மழைக்குள் போகாதீர்கள், வாடல் நோய் கொடியை ஒரே வாரத்தில் எடுத்துவிடும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் இந்தப் பக்கம் வந்தபோது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏற்காடு மலைப்பாதையிலும் மண் சரிந்து வண்டிகள் நின்றன. அதனால் மேலே இருப்பவர்கள் விதை, சுண்ணாம்பு, மருந்து எல்லாவற்றையும் அக்டோபருக்குள் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் முடித்த பிறகு ஒரு வேலை பாக்கி. முதல் பெரிய மழை ராத்திரியில்தான் வரும், பெரும்பாலும் கரண்டும் போயிருக்கும். இடி ஓய்ந்ததும் குடையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு, செருப்புக்குப் பதில் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். எங்கே தண்ணீர் தேங்கி டார்ச் வெளிச்சம் பளபளக்கிறதோ அங்கே ஒரு குச்சியைக் குத்திவிட்டு வாருங்கள். காலையில் தண்ணீர் வடிந்திருக்கும், குச்சி நிற்கும். மண்வெட்டியோடு அங்கே போங்கள்.